ஜெர்மானியத்தின் இரட்டை வேடம்

அகச்சிவப்பு லென்ஸ் செய்ய எந்தப் பொருள் உனக்குப் பிடிக்கும் என்று யார் கேட்டாலும் ஜெர்மானியம் என்றுதான் சொல்வேன். பார்ப்பதற்குப் பளபளக்கும் சாம்பல் நிற உலோகத் துண்டு. நம் கண்ணுக்குத் துளி வெளிச்சத்தையும் விடாது. அதையே வெப்பக் கேமராவின் முன் பிடித்தால், அந்தப் பக்கம் நிற்பவரின் முகம் தெரிகிறது! எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

ஆனால் என்னை மயக்கியது அதன் கணக்கு. சாதாரணக் கண்ணாடியில் நிறப்பிறழ்ச்சியைத் திருத்த, நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் கிரௌன் கண்ணாடியில் குவிலென்ஸும், அதிகமாகப் பிரிக்கும் பிளின்ட்டில் குழிலென்ஸும் செய்து சேர்ப்பார்கள். அங்கே யாருக்கு எந்த வேலை என்பது மாறுவதில்லை. ஜெர்மானியம் மாறும். நிறங்களை எவ்வளவு குறைவாகப் பிரிக்கிறதோ, அவ்வளவு பெரியது ஒரு பொருளின் அபே எண். 3–5 மைக்ரான் பட்டையில் ஜெர்மானியத்துக்கு அது சுமார் 100, சிலிக்கானுக்கு 240. எனவே சிலிக்கான் குவிலென்ஸ், ஜெர்மானியம் குழிலென்ஸ். 8–12 மைக்ரானுக்குப் போனால் அதே ஜெர்மானியத்தின் அபே எண் 800, 1,000 என்று எகிறிவிடுகிறது! ஒளியை விழுங்கும் 1.8 மைக்ரான் எல்லை வெகுதூரம் போய்விடுவதால், ஒளிவிலகல் எண் 4-ஐ ஒட்டி ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. இங்கே அதுவே குவிலென்ஸ். துணைக்கு வரும் குழிலென்ஸ், அபே எண் 58 உள்ள மஞ்சள் நிற ஜிங்க் செலினைடு.

இந்த ஜோடியை முதன்முதலில் கணினியில் போட்டுப் பார்த்தபோது நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். இரண்டின் அபே எண்களுக்கும் இடைவெளி அவ்வளவு பெரியது என்பதால், குழிலென்ஸுக்கு மொத்தத் திறனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. வளைவு மெல்லியது, பிற பிறழ்ச்சிகளும் அடங்கிப்போகின்றன. சிலிக்கான்–ஜெர்மானிய ஜோடியில் குவிலென்ஸ் மொத்தத் திறனைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு சுமக்க வேண்டியிருக்கிறது.

வெப்பம் ஏறினால் ஜெர்மானியத்தின் குவியம் நகரும், உண்மைதான். ஒரு டிகிரிக்கு ஒளிவிலகல் எண் சுமார் 0.0004 கூடுகிறது. பூச்சில்லாத பரப்பு விழும் ஒளியில் 36 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதும் உண்மைதான். வெயிலில் கிடக்கும் கருவிக்கு, வெப்பத்தில் அவ்வளவு மாறாத சால்கோஜெனைடு கண்ணாடியைத்தான் நானும் எடுப்பேன். அதை அச்சில் வார்க்கவும் முடியும்.

இப்போது ஜெர்மானியப் பரப்பிலேயே வைரமுனையால் நுண்படிகள் கடைந்துவிடுகிறார்கள். 8–12 மைக்ரானில் அந்தப் படிகளின் அபே எண் வெறும் -2.5, அதாவது அவை நிறங்களை எதிர்த்திசையில் பிரிக்கின்றன. இரண்டாவது லென்ஸே வேண்டாம், ஒற்றைத் துண்டு தன் நிறத்தைத் தானே திருத்திக்கொள்ளும்! என் அடுத்த வடிவமைப்பு அதுதான்.