ஆங்கிலக் கற்பித்தலில் நிலைப்பகுப்பு: விருத்தாசலச் சூழலை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

எழுத்துக்கூட்டிப் படிப்போரும் பத்தியைப் படித்துப் பொருளுணர்வோரும் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பது தமிழகப் பள்ளிகளில் இயல்பாகக் காணப்படுவது. இவர்களுக்கு ஆங்கிலத்தில் எதைக் கற்பிப்பது என்னும் வினாவுக்கு, நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதே விடையாகத் தரப்படுகிறது. அப்பகுப்பின் அடிப்படை எதுவாக இருத்தல் வேண்டும் என்பதை, பீங்கான் தொழிலுக்கும் தொடர்வண்டிச் சந்திப்புக்கும் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் சூழலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

நன்னூல் காட்டும் பகுப்பு

பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்துகிறார். அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடைமாணாக்கருக்கும் உவமைகளாகின்றன. இங்கு அளவுகோல் கற்ற பாடத்தின் அளவன்று. பாடத்தைக் கொள்ளும் முறையே ஆகும். உழவனின் முயற்சிக்கேற்ப மண் விளைவு தரும் என்னும் விளக்கம், மாணாக்கரின் தேர்ச்சியை ஆசிரியரின் உழைப்போடு பிணைக்கிறது. எனினும், கடைமாணாக்கரை உயர்த்தும் வழியை இவ்வுவமைகள் சுட்டவில்லை.

பாட அளவின்வழிப் பகுப்பு

தமிழ்நாட்டு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறது. எழுத்தறியாக் குழந்தைக்கு எழுத்து, சொல், தொடர் என்னும் வரிசை பொருந்துவதே. அவ்வரிசையையே உயர்நிலை வகுப்புகளுக்கும் நீட்டும்போதுதான் சிக்கல் எழுகிறது. 14 வயது மாணவரின் ஆங்கிலம் தொடக்கநிலையில் இருக்கலாம். அவருடைய சிந்தனை அந்நிலையில் இல்லை. மீண்டும் மீண்டும் எழுத்தையும் தனிச்சொல்லையும் மட்டுமே அவருக்கு அளிப்பது, பொருளுள்ள மொழியை அவரிடமிருந்து விலக்கிவைப்பதாகும்.

பிரபுவின் மாற்றும் அதன் வரம்பும்

என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டம், இலக்கண அமைப்புகளின் வரிசையைக் கைவிட்டு, சிந்தித்து முடிக்க வேண்டிய செயல்களைப் பாடத்திட்டமாக்கியது. முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு செயலைச் செய்வார். பின்னர் அதையொத்த செயலை மாணவர் தனியே செய்வர். வகுப்பில் குறைந்தது பாதிப்பேர் குறைந்தது பாதிச் செயலையேனும் முடித்தால் அச்செயல் தகுந்த கடினமுடையது என்பது அவர்தம் அளவுகோல். சிந்தனைக்கு இடமளித்த அளவில் இது பெரிய முன்னேற்றமே. ஆயினும், எஞ்சிய பாதிப்பேரின் நிலை என்ன என்னும் வினா நிற்கிறது. நிலைப்பகுப்பு தேவைப்படுவது இவ்விடத்தில்தான்.

உதவியின்வழிப் பகுப்பு

செயலை அனைவருக்கும் பொதுவாக்கி, உதவியை மட்டும் நிலைக்கேற்ப வேறுபடுத்தலாம். சென்னை–திருச்சி வழித்தடத்திலுள்ள விருத்தாசலம் சந்திப்பிலிருந்து சேலத்துக்கும் கடலூருக்கும் பாதைகள் பிரிகின்றன. ஆங்கிலக் கால அட்டவணை ஒன்றைக் கொடுத்து, சேலத்துக்குச் செல்லும் ஒருவருக்கு வழிகாட்டச் செய்யலாம். முதல்நிலையினர் ஊரையும் நேரத்தையும் கண்டறிந்து ஓரிரு சொற்களில் விடையளிப்பர். இடைநிலையினர் தரப்பட்ட தொடரமைப்புகளைக் கொண்டு இரு வண்டிகளை ஒப்பிடுவர். மேல்நிலையினர் துணையின்றிப் பயணத்திட்டத்தை எழுதுவர்.

பீங்கான் தொழிலும் அத்தகையதே. களிமண் குழம்பை அச்சில் வார்த்தல், உலர்த்தல், சூளையில் சுடுதல் என்னும் வரிசையைப் பட்டறை அருகே வளர்ந்த மாணவர் முன்பே அறிவார். அவருக்குப் புதியது ஆங்கிலம் மட்டுமே. முதல்நிலையினர் படங்களை வரிசைப்படுத்திப் பெயரிடலாம். இடைநிலையினர் தொடர்களை ஒழுங்குபடுத்தலாம். ஈரம் உலராத பொருள் சூளையில் வெடிப்பது ஏன் என்பதை மேல்நிலையினர் விளக்கலாம். பத்தாம் வகுப்புக்குப்பின் இவ்வூரிலேயே பீங்கான் தொழில்நுட்பப் பட்டயப்படிப்பில் சேரும் மாணவர், தொழில்சார் ஆங்கிலத்தை எதிர்கொள்ள இப்பயிற்சி துணைசெய்யும்.

இம்முறையில் இடர்களும் உள்ளன. ஒரு செயலுக்கு மூவகை உதவிகளை உருவாக்குவது ஆசிரியரின் சுமையைக் கூட்டும். செயல் முடிந்தபின் அதில் பயின்ற இலக்கணத்தைச் சுட்டிக்காட்டாவிடில் பிழைகள் நிலைத்துவிடவும் கூடும்.

முடிவுரை

ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழிச் சட்டகம், ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலைகளையும் கற்பவர் மொழியால் செய்யக்கூடியவற்றைக் கொண்டே விளக்குகிறது. நம் மதிப்பீடுகளும் அவ்வழியில் அமைதல் வேண்டும். அறிந்த சொற்களின் எண்ணிக்கையை மட்டுமே தேர்வு அளக்குமாயின், வகுப்பறையும் அதையே கற்பிக்கும். நிலை என்பது மாணவருக்குத் தரும் பாடத்தின் சிறுமையைக் குறிப்பதன்று. அவருக்குத் தேவைப்படும் உதவியின் அளவைக் குறிப்பது. அவ்வுதவியைப் படிப்படியாகக் குறைத்து அவரைத் தனித்தியங்கச் செய்வதே நிலைப்பகுப்பின் பயனாகும்.