மலையேறும் அக்கவுன்ட்

போடிநாயக்கனூரில் 2010 கடைசியில் நின்றுபோன ரயில், பன்னிரண்டு வருஷம் கழித்து 2023 ஜூனில்தான் மறுபடி வந்து சேர்ந்தது. சென்னை சென்ட்ரலில் ஏறினால் நேரே போடியில் இறங்கலாம். ஏலக்காய் வியாபாரிகளும் கல்யாணத்துக்கு வருகிறவர்களும் இறங்குகிற பிளாட்பாரத்தில் இப்போது இன்னொரு கூட்டமும் இறங்குகிறது. முதுகில் லேப்டாப் பை, காதில் ஹெட்போன். ஆபீஸ் பெங்களூரில், ஆள் போடிமெட்டில். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏலத்தோட்டத்துக்கு நடுவில் ரூம் எடுத்து, ஒரு மாசம் வேலை பார்த்துவிட்டு அடுத்த மலைக்குப் போய்விடுவார்கள்.

இவர்களுக்கு பேங்க் மேனேஜர் யாரென்று தெரியாது. பாஸ்புக் அப்பா காலத்துச் சமாசாரம். 'ஒரு ஆப் போதும் சார்' என்கிறார்கள். போதலாம். அந்த ஆப்பை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் எனக்குப் புகார்.

விளம்பரங்களைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் அக்கவுன்ட். மினிமம் பேலன்ஸ் பூஜ்யம். கார்டு என்ன கலரில் வேண்டும்? காபிக்கு எவ்வளவு, சினிமாவுக்கு எவ்வளவு என்று வட்டம் போட்டுக் காட்டும் படம். எல்லாமே நல்ல நாளுக்கான வசதிகள். டிரெய்லரைப் பார்த்துவிட்டுப் படத்துக்கு மார்க் போடுகிற கதைதான்.

போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் வியாபாரி கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் லாட்டுக்கு லாட் சாம்பிள் காய் அவர் கைக்கு வந்துவிடும். நிறம் பார்த்து, பருமன் பார்த்து, அப்புறம்தான் பட்டனை அழுத்துவார். ஸ்கிரீனில் தெரிவது விலைதான், காய் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

டிஜிட்டல் அக்கவுன்ட்டில் காய் எது? ஆப்புக்குப் பின்னால் இருக்கிற வங்கி. இங்கிலாந்தில் மோன்ஸோ, ஜெர்மனியில் என்26 என்று கிளையே இல்லாத முழு வங்கிகள் உண்டு. நம் ஊரில் அப்படி ஒரு தனி உரிமம் கொடுக்கலாம் என்று நிதி ஆயோக் 2022-ல் அறிக்கை கொடுத்ததோடு சரி, உரிமம் வரவில்லை. ஆகவே இங்கே கலர் கலராக வந்த ஆப்கள் எல்லாம் யாரோ ஒரு பழைய வங்கியின் முன்வாசல்கள். ஜூபிடர், ஃபை இரண்டும் இப்படி வந்தவைதான். அவற்றில் கணக்குத் திறந்தவர்களின் பணம் போய் உட்கார்ந்தது ஃபெடரல் வங்கியில். அதன் தலைமையகம் ஆலுவா. அதாவது, போடிமெட்டு வழியாக ஏறி மூணாறு தாண்டி கொச்சிக்கு இறங்குகிற இதே நெடுஞ்சாலையின் மறுகோடிப் பக்கம்!

இதில் ஒரு காமர்ஸ் பாடம் இருக்கிறது. வங்கி மூழ்கினால் டெபாசிட் இன்ஷூரன்ஸ் ஐந்து லட்சம் வரை தரும் (2020-க்கு முன் ஒரு லட்சம்தான்). அது ஆப்புக்கு ஐந்து லட்சம் இல்லை, வங்கிக்கு ஐந்து லட்சம். இரண்டு ஆப்பில் பிரித்துப் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தவர், பின்னால் ஒரே வங்கி என்றால், ஒரே பானையில்தான் போட்டிருக்கிறார்.

ஆப் வேறு, வங்கி வேறு என்பதை நாடே பார்த்தது 2024-ல். ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்குக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டது. மார்ச் 15-க்குப் பிறகு அந்தக் கணக்கில் சம்பளம்கூட வரவு வைக்க முடியாது. பேடிஎம் ஆப் மட்டும் வேறு வங்கிகளைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று ஓடியது.

'அப்படியானால் கிளை உள்ள வங்கிதான் பத்திரம்' என்று பெரியவர்கள் கிளம்ப வேண்டாம். 1926-ல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு ஐந்நூறுக்கும் மேல் கிளைகள். 2020 நவம்பரில் மொத்தமாக 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்று கட்டிப்போட்டார்கள். பத்தே நாளில் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது சிங்கப்பூரின் டிபிஎஸ். அந்த டிபிஎஸ் 2016-ல் இங்கே 'டிஜிபேங்க்' தொடங்கியபோது கிளைக்குப் பதிலாக காஃபி டே கடைகளில் விரல்ரேகை வாங்கிக் கணக்குத் திறந்த ஆசாமி!

சரி, மலைக்கு வருவோம். ஆதார் ஓடிபி மட்டும் கொடுத்துத் திறந்த கணக்கில் இருப்பு ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது. ஒரு நிதியாண்டில் மொத்த வரவு இரண்டு லட்சத்தைத் தாண்டக்கூடாது. மாசம் நாற்பதாயிரம் சம்பாதிக்கிறவருக்கு ஐந்தாவது மாசத்தோடு கோட்டா காலி. ஆறாவது மாசச் சம்பளம் எங்கே போகும்? இந்த வரம்பு நீங்க வீடியோவில் முகம் காட்டி முழு கேஒய்சி முடிக்க வேண்டும். நடுவில் கால் கட் ஆனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மேகம் ஜன்னலுக்குள் வருகிற இடத்தில் இதைச் செய்து பாருங்கள்.

ரூமில் வைஃபை இருக்கிறதே என்பார்கள். எஸ்.எம்.எஸ்.ஸில் வருகிற ஓடிபிக்கு வைஃபை மட்டும் போதுமா? வைஃபை காலிங் வசதி இல்லாவிட்டால் அதற்கு சிம்மில் சிக்னல் வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், கணக்கு முடங்குவது. 2023-ல் கேரளத்தில் சில சின்ன வியாபாரிகளின் கணக்குகள் முடங்கின. காரணம், யுபிஐ-யில் அவர்களுக்கு வந்த சில நூறு ரூபாய், வேறு மாநில சைபர் மோசடி வழக்கு ஒன்றில் சம்பந்தப்பட்ட கணக்கிலிருந்து வந்திருந்தது. ஊர் ஊராகப் போய், முகம் தெரியாத கிளையன்ட்டுகளிடம் பணம் வாங்குகிறவருக்கும் இது நடக்கலாம். ஆப்பின் சாட் பெட்டி அன்றைக்கும் சிரித்த முகத்தோடு 'உங்களுக்கு எப்படி உதவட்டும்?' என்றுதான் கேட்கும். சட்டப்படி பதில் சொல்லவேண்டியது வங்கி. அது 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மன். ஆனால் அந்த முப்பது நாளும் ரூம் வாடகை ஓடுமே!

ஆகவே ஒரு அக்கவுன்ட்டை மட்டும் நம்பி மலையேறுவது எனக்குச் சம்மதமில்லை. ஆப் அழகாக இருந்தால் ஒன்று அதில் இருக்கட்டும். வரவுக்கு மட்டும் அது. செலவுப் பணம் வேறு வங்கியில், முடிந்தால் வேறு சிம்மில், தேனியிலோ போடியிலோ கதவைத் தட்ட ஒரு கிளை உள்ளதாக இருக்கட்டும். கேஒய்சியை ஊரிலேயே முடித்துவிடுங்கள். ஜீப் ஏறுவதற்கு முன் போடி ஏடிஎம்மில் கொஞ்சம் நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெருநகரம் இல்லாத ஊர்களில் வேறு வங்கி ஏடிஎம் மாசம் ஐந்து தடவை இலவசம். ஆறாவது தடவைக்கு 23 ரூபாய் வரை, வரி தனி.