பெத்லகேம் குறவஞ்சி: பாட்டும் பந்தியும்

கிறித்தவ இறையியல் குருமடங்களில் பயிலப்படும் நூற்கல்வி மட்டுமன்று. எழுத்தறியாத மக்களும் அதனை அறிவர். பாட்டாகவும் திருவிருந்தாகவும் அறிவர். ஒரு சபையார் எதைப் பாடுகின்றனர், யாருடன் அமர்ந்து அப்பத்தையும் இரசத்தையும் பகிர்கின்றனர் என்னும் இரு வினாக்களுக்குரிய விடையே அச்சபையின் நடைமுறை இறையியல். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியை இவ்விரு வினாக்களோடும் இணைத்தே வாசிக்க வேண்டும் என்பது நம் துணிபு.

திருநெல்வேலியில் 1774இல் பிறந்து 1864இல் மறைந்த சாஸ்திரியார், இளமையிலேயே சுவார்ட்ஸ் பாதிரியாரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டவர். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் மரபு அவர்காலத்தில் நூறாண்டை நெருங்கியிருந்தது. எனினும் ஆலய வழிபாட்டில் ஜெர்மானிய மெட்டுகளுக்கு இசைந்த மொழிபெயர்ப்புப் பாடல்களே மேலோங்கியிருந்தன. அவ்விடத்திற்குத் தமிழ்ச் செவிக்குப் பழகிய இராகத்தையும் தாளத்தையும் கொணர்ந்தவர்களுள் சாஸ்திரியார் தலையாயவர். அவர்தம் கீர்த்தனைகள் இன்றும் ஆலயங்களில் பாடப்படுகின்றன.

குறவஞ்சியின் அமைப்பு நாம் அறிந்ததே. உலாவரும் தலைவனைக் கண்டு தலைவி காதல் கொள்கிறாள். மலைக்குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்கிறாள். அவளைத் தேடிச் சிங்கன் வருகிறான். திரிகூடராசப்பக் கவிராயர் குற்றால நாதருக்குப் பாடிய அதே சட்டகத்தில் சாஸ்திரியார் கிறிஸ்துவைத் தலைவனாக்குகிறார். தலைவி தேவமோகினி திருச்சபையின் உருவகம். குறி சொல்லும் குறத்தியோ விசுவாசமே. சிங்கன் பறவை பிடிப்பது ஊழியர் ஆன்மாக்களைச் சபையில் சேர்ப்பதைக் குறிக்கின்றது. சபைக்கு அதன் மீட்பை அறிவிக்கும் தகுதி ஒரு குறத்திக்கு அளிக்கப்பட்டுள்ளமை ஊன்றி நோக்கத்தக்கது. சமூகத்தின் விளிம்பில் நிற்பவள் உரைக்க, உயர்குடித் தலைவி கேட்கிறாள்.

இனி, பந்திக்கு வருவோம். அக்காலத் தஞ்சைச் சபையில் வேளாளரும் ஒடுக்கப்பட்டோரும் ஆலயத்தில் தனித்தனியே அமர்ந்தனர்; திருவிருந்திலும் அவ்வேற்றுமை பேணப்பட்டது. 1820களில் இளைய மிஷனரிமார் இதனை ஒழிக்க முற்பட்டபோது, வேளாளரான சாஸ்திரியார் அவர்களை எதிர்த்து எழுதினார். பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுவது, சாதிகளை ஒன்றாக அமரச் செய்வது, விழாக்களில் பூக்களை விலக்குவது, தமிழ்க் கீர்த்தனைகளை ஆலயத்திலிருந்து அகற்றுவது ஆகிய நான்கையும் அவர் ஒரே வரிசையில் வைத்துக் கொடுமைகள் என்றார். 1833இல் பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி அறவே கூடாதென ஆணையிட்டார். தஞ்சையில் பலர் அதற்கு இணங்க மறுத்தனர்.

சாஸ்திரியாரை அயல்நாட்டு ஆதிக்கத்தை எதிர்த்த பண்பாட்டுக் காவலராகப் போற்றுவோர் உளர். சாதிப்பற்றாளராக ஒதுக்குவோரும் உளர். இரு சாராரும் பாதியையே காண்கின்றனர். பூவுக்கும் பாட்டுக்கும் அவர் வாதாடியது நியாயம்; அவற்றை விலக்கியவர்கள் ஐரோப்பிய வழக்கத்தையே நற்செய்தி என மயங்கினர். ஆனால் அந்நியாயத்தின் நிழலில் அவர் சாதியையும் நிறுத்தியதே பிழை. பூவும் பாட்டும் யாரையும் வெளியே தள்ளுவதில்லை, சாதி தள்ளுகிறது. வழக்கம் என்னும் ஒரே பெயரால் இரண்டையும் அழைப்பது அவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

தமிழகத்தில் சில ஊர்களின் கிறித்தவக் கல்லறைகள்கூட இன்றளவும் சாதியால் பிரிந்து கிடப்பதை எண்ணின், இது கடந்தகால வழக்கு மட்டுமன்று என்பது விளங்கும். ஒரு சமயம் மண்ணின் மொழியில் பேசக் கற்பது பெரும்பேறு. அம்மண்ணின் ஏற்றத்தாழ்வையும் சேர்த்துக் கற்றுக்கொள்வது அதற்குரிய விலையாக இருக்க வேண்டியதில்லை. அதனை மறுப்பதற்கு வேண்டிய சான்று சாஸ்திரியாரின் நூலிலேயே உள்ளது. கவிஞர் தம் வாழ்வில் ஏற்க மறுத்ததை அவர் படைத்த குறத்தி பாடிவிட்டாள். அவளுக்குப் பந்தியில் இடமளிக்கும் சபையே அந்நூலை முழுமையாகப் படித்த சபை ஆகும்.