ஐந்து தோட்டா போதும்

அமெரிக்காவில் உரிமம் பெற்று, சட்டைக்கடியில் மறைத்து எடுத்துச் செல்லப் பெரிய ரிவால்வர் தேடுபவர்களின் கண் முதலில் மேக்னம் ரகங்களுக்குத்தான் போகும். பலம் அதிகம் என்ற கணக்கு. ஆனால் குழல் குட்டையானால் மேக்னத்தின் வெடிமருந்தில் கணிசமான பங்கு உள்ளே வேகத்தைக் கூட்டாமல் வாய்க்கு வெளியே தீயாகவும் சத்தமாகவும் வீணாகிறது. 1907-இல் வந்த .44 ஸ்பெஷல் தோட்டாவின் சாமர்த்தியம் வேறு. ஏறத்தாழ 16 கிராம் ஈயத்தை அது அவசரமில்லாமல் தள்ளும். அழுத்தம் .357 மேக்னத்தில் பாதிகூட இல்லை. அதனால் கனத்த எஃகு தேவைப்படவில்லை. 1973-இல் சார்ட்டர் ஆர்ம்ஸ் நிறுவனம் கொண்டுவந்த புல்டாக் இதைப் புரிந்துகொண்டு செய்த துப்பாக்கி: பக்கத்தகடு இல்லாத ஒற்றைச் சட்டகம், மூன்று அங்குலக் குழல், சிலிண்டரில் ஆறுக்குப் பதில் ஐந்தே அறைகள், எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். குறிபார்க்க உதவும் பின்குறி தனி உறுப்பல்ல, சட்டகத்தின் முதுகில் வெட்டிய பள்ளம்; எடுக்கும்போது துணியில் மாட்டாது. பளபளப்பில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கிகளுக்கு இது உறைபோடக் காணாதுதான்.

ஐந்து தோட்டா எந்த மூலைக்கு என்பார்கள். நியாயமான கேள்வி. எஃப்.பி.ஐ.யே பெரிய தோட்டாக்களைப் பார்த்துவிட்டு 9 மில்லிமீட்டருக்குத் திரும்பியது. இன்றைய விரியும் குண்டுகளால் அளவின் அனுகூலம் சுருங்கிவிட்டது. எண்ணிக்கை வேண்டுபவருக்கு பிஸ்டலே சரி. ரிவால்வர்தான் வேண்டும், அதுவும் பெரியதாக வேண்டும் என்றால் மேக்னத்தை விட்டுவிட்டு .44 ஸ்பெஷலை வாங்கலாம். உதைப்பு கடுமைதான், பயிற்சி இல்லாதவருக்கு .38 ரகம்தான் உகந்தது.