எட்டுக்கால் ஐசியும் ஹெட்போன் ஒலியும்

பல ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர்களின் மூடியைக் கழற்றினால், போர்டின் நடுவே சிறிய கறுப்பு சாக்கெட் ஒன்று தெரியும். அதில் எட்டுக் கால்களோடு உட்கார்ந்திருப்பது ஆப்-ஆம்ப் ஐசி. பற்றவைக்காமல் வெறுமனே செருகியிருப்பதால், அதை நெம்பி எடுத்துவிட்டு வேறொன்றைப் போடலாம். 5532 போட்டால் ஒலி வறட்சி, 2134 போட்டால் இதம், 627 போட்டால் பாடகர் எதிரே நின்று பாடுவதுபோல் இருக்கும் என்று ஹெட்போன் பிரியர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருகிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு நான் எதிரியல்ல. ஆனால் அதன் பலன் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி ஐசியிலிருந்து வருவதில்லை. நிஜமாகவே ஐசியிலிருந்து வருகிற மாற்றங்களைப் பற்றியோ யாரும் அதிகம் பேசுவதில்லை.

இந்தப் பழக்கம் பரவியதில் சூ மோய் என்பவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1990களின் இறுதியில் அவர் வெளியிட்ட எளிய சர்க்யூட் 'சிமாய்' என்ற பெயரில் உலகம் சுற்றியது. 9 வோல்ட் பேட்டரி ஒன்று, ஆப்-ஆம்ப், கைப்பிடி அளவு ரெசிஸ்டர்கள், கெப்பாசிட்டர்கள், எல்லாம் ஆல்டாய்ட்ஸ் மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும். சால்டரிங் அயர்னை முதன்முதலாகப் பிடித்தவர்கள்கூட இதைக் கட்டினார்கள். இரட்டை ஆப்-ஆம்ப் ஐசிகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கால் வரிசை ஒன்றே என்பது இன்னும் வசதி. எட்டாவது கால் பிளஸ், நான்காவது கால் மைனஸ். நம் ஊரில் ஆம்ப்ளிஃபயர் கட்டித்தருபவர்கள் பாஸ்-ட்ரெபிள் போர்டில் போடும் 4558 ஐசிக்கும் அதே வரிசைதான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐசியின் தலைப்பக்கப் பள்ளம் திசை மாறிவிட்டால் நாலும் எட்டும் இடம் மாறி, சப்ளை தலைகீழாகப் பாய்ந்து, ஐசி நொடியில் சுட்டுப்போகும்.

ஒலியின் குணம் ஏன் அவ்வளவாக மாறுவதில்லை என்பதற்கு விடை சர்க்யூட்டிலேயே இருக்கிறது. ஆப்-ஆம்ப் தன் இயல்பான பெருக்கத்தோடு வேலை செய்வதில்லை. வெளியீட்டின் ஒரு பங்கை எதிர்ப்பின்னூட்டமாக உள்ளே திருப்பிவிட்டு, எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை இரண்டு ரெசிஸ்டர்களே முடிவு செய்கின்றன. மூல சிமாயில் அது 11 மடங்கு. ஓபிஏ2134-க்கு 8 மெகாஹெர்ட்ஸ் வீச்சு உண்டு. 11 மடங்குக்குப் பகிர்ந்தாலும் 700 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மிஞ்சும். காது கேட்கும் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸில் அதனால் வரும் சரிவு ஒரு டெசிபெல்லில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. 55 மெகாஹெர்ட்ஸ் கொண்ட எல்எம்4562 போட்டால் அந்தச் சரிவு இன்னும் குறையும். இல்லாததற்குப் பக்கத்தில் இருப்பது இன்னும் குறைந்தால் காதுக்கு என்ன தெரியும்? சிதைவும் அப்படித்தான். முதல் ஐசிக்குத் தயாரிப்பாளர் தரும் கணக்கு 0.00008 சதவீதம், இரண்டாவதற்கு 0.00003. இந்த வித்தியாசத்தை 'இதம்' என்றும் 'வறட்சி' என்றும் பிரித்துக் கேட்க முடியும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆனால் அந்தக் கணக்கெல்லாம் 600 ஓம், 2,000 ஓம் போன்ற சுலபமான சுமைகளில் எடுத்தவை. 32 ஓம் ஹெட்போன் வேறு கதை. அதற்கு 1 வோல்ட் தர வேண்டுமானால், அலையின் உச்சியில் 44 மில்லியாம்ப் மின்னோட்டம் ஓட வேண்டும். ஓபிஏ2134 ஷார்ட் ஆனால்கூடத் தருவது 40 மில்லியாம்ப் அளவுதான். உரத்த இடங்களில் அது திணறும், மத்தள அடியின் முனை மழுங்கும். அதே இடத்தில் 70 மில்லியாம்ப் தரக்கூடிய என்ஜேஎம்4556ஏ போட்டால் வித்தியாசம் கேட்கும், மீட்டரிலும் தெரியும். 2011-இல் பெயர் வெளியிடாத ஒரு பொறியாளர் வடிவமைத்த 'ஓ2' ஆம்ப்ளிஃபயர் இந்த மலிவான ஐசியையே இரண்டு வைத்து ஹெட்போனை ஓட்டியது. புகழ்பெற்ற விலையுயர்ந்த ஐசிகளை அவர் தேடிப்போகவில்லை. எந்த வேலைக்கு எது தேவை என்று அளந்து பார்த்தார். 300 ஓம் ஹெட்போனுக்கு 1 வோல்ட் தர 5 மில்லியாம்ப்கூட வேண்டாம். அங்கே இந்த மாற்றத்தால் ஒன்றும் நடக்காது.

அடுத்தது, என் கணக்கில் இந்தப் பழக்கத்தின் மிகப் பெரிய ஓட்டை. ஆப்-ஆம்பின் உள்ளீட்டுக் கால்கள் சிறிதளவு நேர்மின்னோட்டத்தை இழுக்கும். ஜேஃபெட் வகையான 2134 இழுப்பது பிகோஆம்ப் கணக்கில், அதாவது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பைபோலார் வகையான என்இ5532 இழுப்பது சாதாரணமாக 200 நானோஆம்ப். சிமாயின் உள்ளீட்டில் 100 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 20 மில்லிவோல்ட். அதை ஆம்ப்ளிஃபயர் 11 மடங்காக்கினால் 220 மில்லிவோல்ட் டிசி, பாட்டே ஓடாதபோதும் ஹெட்போனில் நின்றுகொண்டிருக்கும். 32 ஓம் சுருளில் 7 மில்லியாம்ப் ஓயாமல் பாய்ந்து, சவ்வை நடுநிலையிலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளிப்பிடிக்கும். இதைக் கேட்டவர் '5532-க்குக் கீழ் ஸ்தாயி கலங்கல்' என்று முடிவு கட்டக்கூடும். 5532 எத்தனையோ ஒலிப்பதிவுக்கூட மிக்ஸர்களில் பல்லாண்டு உழைத்த ஐசி. அதைப் பொருந்தாத ரெசிஸ்டரோடு சேர்த்துவிட்டு, பழியை ஐசிமேல் போடுவது நியாயமில்லை.

இதைக் கண்டுபிடிக்கச் சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். ஐசி மாற்றியதும் ஹெட்போனைச் செருகாமல், மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஜாக்கின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே ஒருமுறை, நடு வளையத்துக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே ஒருமுறை அளக்க வேண்டும். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. நூற்றைத் தாண்டினால் அந்த ஐசியைக் கழற்றிவிட வேண்டியதுதான், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும்.

வேகமான ஐசிகளில் இன்னொரு ஆபத்து. ஏடி8066-இன் வீச்சு 145 மெகாஹெர்ட்ஸ். நிதானமான ஐசிக்காக வரைந்த போர்டில், சப்ளை கால்களுக்கு அருகிலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இல்லாமல் அதைப் போட்டால், காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானாகவே அலைபாயத் தொடங்கிவிடும். ஐசி சுடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், மேல் ஸ்தாயியில் ஒரு கூர்மை சேரும். அந்தக் கூர்மையை 'நுணுக்கம்' என்று ரசிப்பவர்கள் உண்டு. அது ஆசிலோஸ்கோப்பில் பார்க்க வேண்டிய கோளாறு.

இவை எதுவும் இல்லாத சரியான சர்க்யூட்டிலும் மாற்றம் கேட்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஐசியை மாற்ற ஆம்ப்ளிஃபயரை அணைத்து, நெம்பி, புதியதன் கால்களை நேராக்கிச் செருகி, மறுபடி வால்யூமை ஏற்ற வேண்டும். சில நிமிடங்களாவது ஆகும். நுட்பமான ஒலி நினைவோ சில நொடிகளுக்கு மேல் தாங்குவதில்லை. வால்யூம் குமிழ் பழைய இடத்துக்கே வந்ததா என்பதும் சந்தேகம். அரை டெசிபெல் கூடினாலே அது உரப்பாகத் தெரியாமல் தெளிவாகத் தெரியும். நேர்மையான சோதனைக்கு ஒரே மாதிரி இரண்டு ஆம்ப்ளிஃபயர் கட்டி, வெவ்வேறு ஐசி போட்டு, 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் இரண்டின் வெளியீட்டையும் 0.1 டெசிபெல்லுக்குள் சமன் செய்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்க வேண்டும். சிமாய்க்கு ஆகும் செலவில் இது முடியாத காரியமல்ல. புகழ்பெற்ற 627-ஐ ஜோடியாக வாங்கும் பணம் இதற்குத் தாராளம். அந்தப் பணமும் எழுத்தைச் சுரண்டி வேறு பெயர் அச்சிட்ட போலி ஐசிக்குப் போகும் வாய்ப்பு அதிகம். போலிகள் மலிந்த ஐசிகளில் 627-க்கு முன்வரிசை. அசலே கிடைத்தாலும் அதற்குக் குறைந்தது பிளஸ் மைனஸ் 4.5 வோல்ட் சப்ளை வேண்டும். 9 வோல்ட் பேட்டரி புதிதாக இருக்கும்போதுதான் அந்த எல்லையையே தொடும்.

ஒலியைத் தன் ரசனைக்கு மாற்ற நினைப்பதில் தவறே இல்லை. அதற்கு வேறு இடத்தில் கை வைக்க வேண்டும். சென்ஹைசர் எச்டி 650 பெயரளவில் 300 ஓம். ஆனால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் சுமார் 500 ஓம் வரை எழும். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் 120 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்தால் அந்தப் பகுதி மட்டும் ஏறக்குறைய ஒரு டெசிபெல் தூக்கலாக நிற்கும். சில ரூபாய் ரெசிஸ்டர் செய்யும் இந்த வேலையை எந்த ஐசியாலும் செய்ய முடியாது. இன்னும் கூடுதலாக வேண்டுமென்றால் ஈக்வலைசர் இருக்கிறது.

சாக்கெட் இருக்கட்டும் என்பதே என் கட்சி. ஐசி பழுதானால் அயர்ன் இல்லாமல் மாற்றலாம், கற்பவருக்கு அது திறந்த கதவு. என் குறை, அதையே விளம்பரமாக்கி விற்பவர்கள்மேல். ஆசஸின் சோனார் எசன்ஸ் எஸ்டிஎக்ஸ் சவுண்ட் கார்டில் ஐசிகளை மாற்றலாம் என்பது பெரிய ஈர்ப்பாக இருந்தது. ஹெட்போனை ஓட்டியதோ போர்டில் பற்றவைத்த, மாற்ற முடியாத வேறொரு ஐசி. மாற்றிப்போட ஐசிகளைக் கூடவே சேர்த்துத் தருகிற தயாரிப்பாளர், ஒவ்வொன்றையும் போட்டு 32 ஓமில் அளந்த சிதைவையும் வெளியீட்டு டிசியையும் பெட்டிக்குள் ஒரு தாளில் அச்சடித்துத் தர வேண்டும்.