குழாயை விடுங்கள், காக்காப்பொன்னைப் பாருங்கள்

கொடைக்கானலில் பாதி விடுதிகளின் வரவேற்பறையில் இப்போது ஒரு கிராமபோன் நிற்கிறது. தாமரை விரிந்த மாதிரி பித்தளைக் குழாய், பக்கத்தில் பிளாஸ்டிக் செடி. தேனிலவு ஜோடி முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடுகிறது. ஊசிக்கு மேலே வெள்ளி டப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சவுண்ட் பாக்ஸை ஒருவராவது குனிந்து பார்க்க வேண்டுமே! கேட்டால், "அதெல்லாம் சேகரிக்கிறவங்க சமாச்சாரம் சார்" என்பார்கள். காபியில் சிக்கரி எவ்வளவு என்று மூக்காலேயே சொல்கிற நமக்கு இது என்ன பிரம்ம வித்தையா?

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தட்டின் பள்ளத்தில் ஊசி இடமும் வலமும் ஆடும். ஊசியைப் பிடித்த தண்டு அந்த ஆட்டத்தை டப்பிக்குள் இருக்கும் மெல்லிய வட்டத் தகட்டுக்குக் கொண்டுபோகும். தகடு காற்றை உதைக்கும், குழாய் அதைப் பெரிதாக்கும். மின்சாரம் கிடையாது. ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி, முடிந்ததும் தூக்கிப் போடுங்கள். எல்பி தட்டை மட்டும் இதில் வைக்காதீர்கள், உழுதுவிடும். பாடம் முடிந்தது.

இனி வகைகள். எச்.எம்.வி. சவுண்ட் பாக்ஸ்களில் பழையது 'எக்ஸிபிஷன்', 1900களின் தொடக்கத்தில் வந்தது. 1925-ல் வந்த 101 என்ற கைப்பெட்டியில் பெரும்பாலும் 4-ஆம் எண். அடுத்தது 5, அதன் தம்பி 5ஏ. 1931-ல் வந்த 102 பெட்டிகளில் அடிக்கடி கண்ணில் படுவது இந்தத் தம்பிதான். எண் டப்பியிலேயே பொறித்திருக்கும், படித்துக்கொள்ளுங்கள். ஆனால் எண்ணை ஒப்பிப்பது ரசனை ஆகாது. மாட்டுச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரிதான் அது.

பார்க்க வேண்டியது தகடு. எக்ஸிபிஷனிலும் 4-லும் இருப்பது மைக்கா, நம் பாட்டிமார் காக்காப்பொன் என்றது. 5-லும் 5ஏ-யிலும் அலுமினியம். டப்பியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மைக்கா என்றால் கண்ணாடி மாதிரி ஒளியை உள்ளே விடும். ஓரத்தில் வெங்காயச் சருகுபோல் அடுக்கு பிரிந்து வெள்ளையாகத் தெரியும். நடுவில், தண்டு தொடும் இடத்தில், மிளகளவு மெழுகு. அலுமினியம் ஒளியை விடாது, நடுவில் மேடு தட்டியிருக்கும்.

அடுத்து, காது. ஊசியை மாட்டி, டப்பியைக் காதோரம் வைத்து, ஊசி முனையை விரல் நுனியால் லேசாக வருடுங்கள். மைக்கா உலர்ந்த பலா இலை மாதிரி 'சர்ர்' என்று பேசும். அலுமினியம் பளிச்சென்று, பித்தளைத் தம்ளரை வைத்தது மாதிரி. இதை ஒரு பத்து நாள் செய்யுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவீர்கள். நான் மூன்றாவது அறையில் இருந்து சொல்வேன். வீட்டில் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? 1925-க்கு முன் ஒலிப்பதிவில் மைக் கிடையாது, பாடகர் ஒரு குழாய்க்குள் பாட வேண்டும். பாடகி கோயம்புத்தூர் தாயி 1917-லேயே போய்விட்டார். பழனிக்குஞ்சரம் என்பது அவர் இயற்பெயர், நம் மலையடிவாரத்து முருகன் ஊர்ப் பெயர் அதிலேயே இருக்கிறது. அவர் தட்டு ஒவ்வொன்றும் குழாய்க்குள் பாடியதே. அதை 5ஏ-யில் போட்டால் குரலைவிடக் கீறல்தான் முந்திக்கொண்டு வரும். மைக்காவில் போடுங்கள், கீறல் ஒதுங்கி நிற்கும், பிருகா முன்னால் வரும். மறுபக்கம், 1944-ன் 'ஹரிதாஸ்' படப் பாட்டை மைக்காவில் போட்டால் அதைப் பாடிய பாகவதருக்கு ஜலதோஷம் பிடித்துவிடும். அவருக்கு அலுமினியம். இது தெரியாமல் 'பழைய தட்டின் கதகதப்பு' என்று பத்தி பத்தியாக எழுதுகிறவர்கள் ஒருநாளாவது ஊசி மாற்றியிருப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம். பிராசோ போட்டுத் தேய்த்து நிக்கல் பூச்சை உரித்துவிட்டு 'விண்டேஜ்' என்கிறவர்களைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

இன்னொரு ரகசியம். தகட்டை இருபுறமும் பிடித்திருப்பது ரப்பர் வளையம். வயதானால் அது கல்லாகிவிடும். பெட்டி கரகரத்தால் தகட்டைத் திட்டாதீர்கள், சைக்கிள் கடையில் வால்டியூப் வாங்கி வெட்டிப் போடுங்கள். ஆடி மாதத்து மஞ்சும் காற்றும் கொடைக்கானல் நாயுடுபுரத்தைச் சுற்றிவரும்போது, கரண்ட் போன ராத்திரியில், புது ரப்பரோடு மைக்கா பாடுகிற சுகத்தை நான் எழுதிக் காட்ட முடியாது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் முதலில் 'எக்ஸிபிஷன்' என்று நம்பி வாங்கிய கிராமபோன் போலி. நாய் படம், பித்தளை மினுமினுப்பு எல்லாம் இருந்தது. திருகுகளின் தலையில் மட்டும் கூட்டல் குறி. அந்த மாதிரித் திருகு புழக்கத்துக்கு வந்ததே 1930களில்! நானும் அன்றைக்குக் குழாயைத்தான் பார்த்தேன், திருகைப் பார்க்கவில்லை. இன்றும் அது என் கூடத்தில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் வரும்போது தட்டைவாய்த் திருப்புளி ஒன்று கொண்டுவாருங்கள், நிஜப் பெட்டி உள்ளறையில் இருக்கிறது.