ஓட்டு வீட்டின் மரக்கட்டு: எப்படி ரசிப்பது

கடலூர், சிதம்பரம் வட்டாரத்துப் பழைய ஓட்டு வீடுகளில் வெளிச்சுவர் மண்ணாலோ செங்கல்லாலோ ஆனது. உள்ளே கூரையைத் தாங்குவது மரம். கூரையின் வெளி ஓரம் சுவரில் இறங்கும். முற்றத்தைப் பார்த்த உள் ஓரத்தை மரத்தூண்களும் அவற்றின் மேல் படுத்த உத்தரங்களும் ஏந்திக்கொள்ளும். இங்கிலாந்தின் பழைய பண்ணை வீடுகளில் முறை வேறு. அங்கே ஓக் மரச் சட்டமே வீடு முழுவதையும் நிறுத்துகிறது. சட்டங்களுக்கு நடுவே மிலாறு பின்னி மண் அப்பியது வெறும் அடைப்பு. அதனால் அந்த மரக்கட்டு தெருவில் நிற்பவருக்கே தெரிந்துவிடும். இங்கே வாசல் தாண்டி உள்ளே போய் அண்ணாந்தால்தான் தெரியும்.

சிதம்பரத்தின் தேர் வீதிகளை ஒட்டிய தெருக்கள், கடலூர் முதுநகர், திருப்பாதிரிப்புலியூர், பரங்கிப்பேட்டை, புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊர்கள் என்று பல இடங்களில் இத்தகைய வீடுகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. பெரும்பாலும் குடித்தனம் நடக்கும் வீடுகள் என்பதால் வீட்டாரின் அனுமதியோடுதான் உள்ளே போக முடியும். ஆனால் திண்ணையிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது.

திண்ணையில் உட்கார்ந்து முதலில் பார்க்க வேண்டியது இறவாணம். கூரை அங்கே எவ்வளவு தாழ்ந்து இறங்குகிறது, சுவரைத் தாண்டி எவ்வளவு நீள்கிறது என்பதில் இந்தக் கடற்கரையின் பருவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். மண்சுவர் நனைந்தால் கரையும். ஆகவே கூரை சுவரைத் தன் நிழலுக்குள் இழுத்துக்கொள்கிறது. புயல் காற்று புகுந்து கூரையைத் தூக்கும் இடைவெளியும் தாழ்ந்த இறவாணத்தால் குறைகிறது. நாட்டு ஓடு ஆணி அடித்து நிறுத்தப்படுவதில்லை, தன் கனத்தால் உட்கார்ந்திருப்பது. அதனால்தான் ஓரங்களிலும் மோட்டிலும் சுண்ணாம்புச் சாந்துப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள்.

ஓட்டைப் பார்த்து வீட்டின் வயதைச் சொல்லிவிட முடியாது. குயவர் சக்கரத்தில் வனைந்து இரண்டாகப் பிளந்த வளைந்த நாட்டு ஓடுதான் பழையது. தட்டையான, வரிப்பள்ளம் உள்ள சீமை ஓடு, பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிய பிறகு தெற்கெங்கும் பரவியது. இரண்டுக்கும் கீழே இருக்கும் மரவேலை ஒன்றல்ல. நாட்டு ஓட்டுக்கு மூங்கில் வரிச்சையோ பனஞ்சட்டத்தையோ நெருக்கி அடுக்க வேண்டும். சீமை ஓட்டுக்கு ஒரே அளவு இடைவெளியில் ரீப்பர் அடித்தால் போதும். மேலே சீமை ஓடும் கீழே நெருக்கமான பழைய பனங்கைமரங்களும் இருந்தால், ஓடு பின்னால் மாற்றப்பட்டது என்று ஊகிக்கலாம். மரமே அந்த வீட்டின் மூத்த உறுப்பு.

கூரையைப் படிக்கச் சிறந்த வழி, ஓட்டின் கனம் தரைக்கு இறங்கும் பாதையில் கண்ணை விடுவது. ஓட்டின் சுமை ரீப்பருக்கு, ரீப்பரிலிருந்து சரிவாகப் படுத்த கைமரத்துக்கு. கைமரத்தின் தலை உச்சியில் ஓடும் மோட்டுவளையில் சாய்கிறது; அடி உத்தரத்திலோ சுவரிலோ ஊன்றுகிறது. மோட்டுவளையைக் குத்துக்கால் தாங்க, குத்துக்காலைக் குறுக்கே கிடக்கும் விட்டம் தாங்குகிறது. சாய்ந்த மரம் எப்போதும் தன் அடியை வெளியே தள்ளப் பார்க்கும். விட்டம் இரு பக்கமும் பிடித்து அந்தத் தள்ளலையும் அடக்குகிறது. இந்தப் பாதையை ஒரு முறை தொடர்ந்து பார்த்துவிட்டவருக்குக் கூரை வெறும் மேல்மூடியாகத் தெரிவது நின்றுவிடும். எந்த மரமும் அழகுக்காக மட்டும் அங்கே இல்லை என்பது புரியும்.

மரத்தின் இனமும் கவனிக்கத் தக்கது. உழவர் வீட்டுக் கைமரம் பெரும்பாலும் பனை. பனையின் உள்தண்டு சோற்றி. வெளிப்பட்டைக்கு அடுத்த கருத்த நாரில்தான் வலு. முதிர்ந்த மரத்தைப் பிளந்து, உள் சோற்றைச் செதுக்கி எறிந்து, வைரம் பாய்ந்த பாகத்தை மட்டும் எடுப்பார்கள். வாய்ச்சி விழுந்த வெட்டுத் தடம் பல வீடுகளில் இன்றும் கைக்குத் தட்டுப்படும். வசதியுள்ளவர் வீட்டில் தூணுக்கும் உத்தரத்துக்கும் தேக்கு. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் பர்மா தேக்கு கடல்வழியாகத் தமிழகக் கரைக்கு வந்தது. பண்ருட்டிப் பக்கம் பலா மரமும் வீட்டு வேலைக்குப் பயன்பட்டது; அறுத்தவுடன் மஞ்சளாக இருந்து, ஆண்டுகள் ஏறஏறச் செம்பழுப்பாக மாறுவது அதன் தன்மை.

வீட்டின் மிகச் சிறந்த தச்சு வேலை முற்றத்தின் மூலையில் இருக்கிறது. நான்கு பக்கத் தாழ்வாரக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிகின்றன. இரண்டு சரிவுகள் சந்திக்கும் மடிப்பில் மூலைக்கைமரம் கிடக்கிறது. பக்கவாட்டுக் கைமரங்கள் ஒவ்வொன்றாகக் குட்டையாகிக்கொண்டே வந்து அதில் முட்டுகின்றன. ஒவ்வொன்றின் நுனியையும் வேறு வேறு நீளத்தில், இரட்டைச் சாய்வில் அறுத்தாக வேண்டும். மழைநீர் கூடிக் கொட்டும் இடமும் இதுவே. கணக்கு சற்றுப் பிசகினால் ஒழுக்கு முதலில் இங்கேதான் காட்டும். நல்ல தச்சர் செய்த மூலையில் அந்தக் குட்டைக் கைமரங்கள் விசிறி மடிப்புப் போலச் சீராக இறங்கும். ஒரு வீட்டுக்கு நேரம் குறைவாக இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்த மூலையின் அடியில் நிற்பது நல்லது.

தூணிடம் வரும்போது அடியிலிருந்து பார்க்க வேண்டும். மரத்தூண் தரையில் ஊன்றியிருக்காது. ஈரமும் கரையானும் ஏறாதபடி ஒரு கல்லின் மேல் நிற்கும். மேலே, தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே போதிகை. உத்தரத்தை இரண்டு பக்கமும் சற்று நீட்டிப் பிடித்து, தூணுக்குத் தூண் உள்ள இடைவெளியைக் குறைத்துத் தருவதே அதன் வேலை. வாழைப்பூ, தாமரை எல்லாம் அந்த வேலை முடிந்த பிறகு வந்த அலங்காரம். இணைப்புகளில் ஒரு மரத்தின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகி, மர ஆணியால் பூட்டியிருப்பார்கள். வாசல் நிலையிலும் இதே நுட்பம்: பழைய கதவுக்குக் கீல் கிடையாது, கதவுப் பலகையிலேயே விட்ட குடுமி மேலும் கீழும் குழியில் சுழலும். நிலைக்கு மேல் உள்ள கஜலட்சுமியைப் பார்க்க எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உழவர் வீட்டில் பின்கட்டுதான் முன்கட்டைவிடச் சுவையானது. நெல் மூட்டை ஏறும் மச்சுக்கு அடியில் உத்தரங்கள் தடித்து நெருங்கியிருக்கும். அடுப்படிக்கு மேலுள்ள கைமரங்கள் புகையேறிக் கருத்திருக்கும். அந்தக் கரி படிந்த மரத்தைப் பூச்சி எளிதில் அண்டாது. இங்கிலாந்தின் இடைக்கால வீடுகளிலும் புகைபோக்கி வருவதற்கு முன் நடுக்கூடத்தில் எரிந்த நெருப்பின் கரி கூரை மரத்தில் படிந்திருக்கிறது. வீட்டின் பழமையை அறிய ஆய்வாளர்கள் தேடும் தடயங்களில் அதுவும் ஒன்று.

இந்தக் கூரைக்கலையின் மிக உயர்ந்த வடிவம் சிதம்பரத்திலேயே இருக்கிறது. கருங்கல்லால் ஆன நடராசர் கோயிலின் நடுவே சிற்றம்பலம் மரத்தால் ஆனது. குடிலின் கூரை வடிவத்தை அது இன்றும் விடவில்லை. முதலாம் பராந்தக சோழன் அதற்குப் பொன் வேய்ந்தான். 21,600 பொன் ஓடுகள் மனிதர் ஒரு நாளில் விடும் மூச்சுகள் என்றும், 72,000 ஆணிகள் நாடிகள் என்றும், 64 கைமரங்கள் கலைகள் என்றும் சைவ மரபு சொல்லும். கூரையை ஓடு ஓடாக, ஆணி ஆணியாக, கைமரம் கைமரமாக எண்ணிப் பார்த்த மரபு இது. வீட்டுக் கூரையைப் பார்க்கவும் இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

கடைசியாகப் பார்க்க வேண்டியவை பழுதும் ஒட்டும். கைமரம் முதலில் உளுத்துப்போவது சுவருக்குள் புதைந்த அடியில். மரம் முழுவதையும் மாற்றாமல் கெட்ட பாகத்தை மட்டும் அறுத்து, சாய்வாகச் செதுக்கிய புதுத் துண்டைச் சேர்த்திருப்பார்கள். இந்த ஒட்டுகளைக் குறையாக எண்ணுவது தவறு. 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தபோது மாவட்டமெங்கும் மரங்களும் கூரைகளும் சேதமாயின. அதுபோன்ற புயலுக்குப் பிறகு ஓட்டு வீட்டில் முறிந்த கைமரத்தை மட்டும் கழற்றி மாற்றலாம், சிதறிய ஓட்டை மட்டும் திரும்ப வேயலாம். ஆகவே ஒரே கூரையில் கருத்த பனையும், வெளிறிய புதுச் சட்டமும், வேறொரு வீட்டிலிருந்து வந்த துளை விழுந்த பழைய உத்தரமும் பக்கம் பக்கமாகக் கிடக்கும். இவற்றில் எது எப்போது வந்தது என்று நிறத்தையும் வெட்டுத் தடத்தையும் வைத்துப் பிரித்தறியத் தெரிந்தவர், வீட்டாருக்கே மறந்துபோன பழுதுபார்ப்புகளை வரிசையாகச் சொல்லிவிடுவார்.